சிற்றூர் அரங்கங்களின் பெரும்பணி

விளையாட்டரங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, பல்லாயிரம் பேர் கூடி ஆரவாரிக்கும் பெருநகர அரங்கமே. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில் உள்ள சின்னசாமி அரங்கத்தை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆனால் அங்கே ஆடும் வீரர்கள் எங்கே உருவாகிறார்கள்? அதிகம் பேசப்படாத சிற்றூர் அரங்கங்களில்தான்.

முதலில் கடல் கடந்து ஒரு காட்சியைப் பார்ப்போம். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் அப்படி. டெட்ராய்ட், நம் ஓசூரைப் போலவே வாகனத் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்ற நகரம். பிப்ரவரியில் அங்கே கடுங்குளிர். ஆகவே அந்நகரின் டைகர்ஸ் அணி, வெயில் காயும் ஃபுளோரிடா மாநிலத்தின் லேக்லேண்ட் என்னும் ஊருக்குப் பயிற்சிக்கு வந்துவிடும். 1934-இல் தொடங்கிய இவ்வழக்கம், உலகப்போர்க் காலம் நீங்கலாக, இன்றும் தொடர்கிறது. அங்குள்ள ஜோக்கர் மார்ச்சன்ட் அரங்கம் 1966-இல் திறக்கப்பட்டது. மார்ச் இறுதியில் பெரிய அணி ஊர் திரும்பியதும், அதே அரங்கில் இளம் வீரர்களின் அணி ஆடத் தொடங்கும். அதில் தேறியவர்கள் படிப்படியாக உயர்ந்து டெட்ராய்ட் செல்கிறார்கள்.

இத்தகைய படிக்கட்டு நம் பக்கத்திலும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரியைக் கடந்து சேலம் சென்று, ஆத்தூர் சாலையில் திரும்பினால் வாழப்பாடி வரும். அதன் அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில், சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் இங்கு நடந்துள்ளன. 2025 ஜனவரியில் தமிழ்நாடும் சண்டிகரும் மோதிய ரஞ்சிக் கோப்பை ஆட்டமும் இங்குதான் நடைபெற்றது.

தெருவில் ஆடிப் பழகினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். தோல் பந்தோ, ஆடவர் ஆட்டத்தில் சுமார் 160 கிராம். மகளிர் ஆட்டத்தில் 140 முதல் 151 கிராம். களிமண்ணுக்கு நீர் ஊற்றி, உருளையால் அழுத்தி அமைத்த ஆடுகளத்தில் அது எழும்பும் விதமே வேறு. நாள் செல்லச் செல்லக் களம் காய்ந்து வெடிக்கும். பந்து கூடுதலாகச் சுழலும். சிமென்ட் தரையில் இப்பாடத்தைக் கற்க இயலாது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனின் வாழ்வு இதற்குச் சான்று. நெசவுத் தொழிலாளியின் மகனான அவர், டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015-இல் ரஞ்சிப் போட்டியில் அறிமுகமானபோது, அவர் பந்து வீசும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. மனம் தளராமல் அதைத் திருத்திக்கொண்டு, 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் தம் யார்க்கர் பந்துகளால் அனைவரையும் வியக்கவைத்தார். 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். குறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் எழ இடம் தருவதே சிறிய போட்டிகளின் பெருமை. அதை உணர்ந்துதானோ என்னவோ, நடராஜன் தம் கிராமத்திலேயே ஒரு மைதானம் அமைத்தார். அது 2023 ஜூனில் திறக்கப்பட்டது.

மாணவிகளாகிய எங்களுக்கும் இதில் பங்கு வேண்டாமா? 2025 நவம்பர் 2 அன்று இந்திய மகளிர் அணி முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது. அந்த இரவில் கைதட்டிய பெற்றோர் பலர், மறுநாள் மாலை மகள் மட்டையை எடுத்தால், "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்கிறார்கள். கோப்பையை வென்றவர்களும் ஒருநாள் யாரோ ஒருவரின் மகளாக, ஒரு சிறிய மைதானத்தில்தானே முதல் பந்தைச் சந்தித்திருப்பார்கள்?

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அந்த முதல் அடியை வைக்க, அருகில் ஒரு மைதானமும் மாலையில் ஒரு மணி நேரமும் போதும். பெற்றோரே, அந்த ஒரு மணி நேரத்தை எங்களுக்குத் தாருங்கள். பாடத்தையும் நாங்கள் விடமாட்டோம்!