தீயணைப்போர் காக்கும் உயிர்கள்

தீயணைப்பு வீரர் என்றதும் நீர்க்குழாயும் ஏணியுமே நம் நினைவில் எழுவன. அமெரிக்காவின் சியாற்றில் நகரிலோ, இருதயம் நின்றோரைக் காப்பதும் அவ்வீரர் பணியாகும்.

இருதயத் துடிப்பு திடீரென நின்றால் சில நிமிடங்களுள் மூளை கெடத் தொடங்கும். அந்நிலையில் தொலைவிலுள்ள வைத்தியசாலை எத்துணைச் சிறந்ததாயினும் என்ன பயன்? எனவே, 1966இல் பெல்பாஸ்ற் நகரின் வைத்தியர் பிராங் பான்ரிட்ஜ், இருதயத்துக்கு மின்னதிர்ச்சி அளிக்கும் கருவியை வண்டியிலேற்றி, வைத்தியரையும் தாதியையும் நோயாளி இருக்குமிடத்துக்கே அனுப்பினார்.

சியாற்றிலின் வைத்தியர் லெனாட் கொப் இம்முறையை மேலும் ஒருபடி உயர்த்தினார். தீயணைப்பு நிலையங்கள் நகரெங்கும் உள்ளன. வீரரும் இரவுபகலாய் ஆயத்தமாயிருப்பர். அவர்களையே பயிற்றுவித்தாலென்ன? படைத்தலைவர் கோடன் விக்கரியும் இசைந்தார். 1970இல் 'மெடிக் வன்' சேவை தொடங்கிற்று. அயல் நிலையத்து வீரர் முதலில் விரைந்து மார்பை அழுத்துவர். உயர்பயிற்சி பெற்றோர் தொடர்ந்து வந்து மருந்தளிப்பர்.

அவர்களும் வருமுன் கழியும் நிமிடங்கள்? அவற்றைக் காக்கவே நகர மக்களுக்கும் மார்பழுத்தும் முறையைக் கற்பித்தனர். நம் நாட்டிலும் 1990ஐ அழைத்தால் நோயாளர் காவு வண்டி வரும். அது வரும்வரை வீட்டிலுள்ளோர் கையே துணை. நம் மாணவர் இதனைப் பயில்வாராயின், அக்கல்வி ஓருயிரையேனும் காக்கும்.