தழும்புக்குக் கொடுக்கு முளைத்தால்..!

நெஞ்சில் ஒரே ஒரு பரு. கண்ணாடி முன்னால் நின்று நறுக்கென்று ஒரு கிள்ளு. அதோடு தொல்லை விட்டது என்றுதான் நினைப்பீர்கள். ஆறு மாசம் கழித்து அதே இடத்தில் பளபளவென்று கொட்டைப்பாக்கு சைஸில் ஒரு மேடு! அரிக்கிறது, சட்டை உரசினால் சுரீர் என்கிறது. நண்பர்கள் நீச்சலுக்குக் கூப்பிட்டால், "ஜலதோஷம்ப்பா" என்று நழுவ வேண்டியிருக்கிறது.

இந்த ஆசாமியின் பெயர் கீலாய்டு. அலிபேர் என்ற பிரெஞ்சு டாக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்க வார்த்தையிலிருந்து பிடித்தாராம். சரியான பெயர்தான். காயம் இருந்த இடத்தோடு நிற்காமல், பக்கத்திலுள்ள நல்ல தோலையும் எட்டிப் பிடிக்கும். இதற்குச் சாதுவான தம்பி ஒருவன் உண்டு... 'ஹைப்பர்ட்ரோஃபிக்' தழும்பு. அவனும் மேடு தட்டுவான், ஆனால் காயத்தின் எல்லையைத் தாண்ட மாட்டான். நாளாவட்டத்தில் தானே அமுங்கிவிடுவதும் உண்டு. உங்களுடையது அண்ணனா, தம்பியா என்று முதலில் தோல் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இப்படி வளர்கிறது? காயம் பட்டதும் 'ஃபைப்ரோபிளாஸ்ட்' என்ற செல்கள் கொத்தனார் மாதிரி வந்து, கொலாஜன் என்ற நாரை அடுக்கிப் பள்ளத்தை மூடுகின்றன. வேலை முடிந்தால் சித்தாளோடு கிளம்ப வேண்டியதுதானே? கீலாய்டு கொத்தனார் கிளம்புவதே இல்லை. சுவர் முடிந்த பிறகும் அடுக்குகிறார், காம்பவுண்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மனையிலும்! வெள்ளைக்காரர்களைவிட நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு இது அதிகம். பத்திலிருந்து முப்பது வயதுக்குள் ரொம்பவே ஜாஸ்தி. நெஞ்சு, தோள், தாடை, காது மடல் ஆகியவை அதற்குப் பிடித்த ஏரியாக்கள்.

"அறுத்து எறிஞ்சுட்டா போச்சு!" என்பார் ஆபீஸில் பக்கத்து சீட்காரர். கேட்காதீர்கள். வெறுமனே அறுத்தால் பாதிப் பேருக்காவது திரும்ப வளர்கிறது. சிலருக்கு முன்னைவிடப் பெரிசாக. அதனால்தான் டாக்டர்கள் இன்றைக்கும் முதலில் கையில் எடுப்பது ஸ்டீராய்டு ஊசி. நாலைந்து வாரத்துக்கு ஒரு தடவை தழும்புக்குள்ளேயே குத்துவார்கள். வலிக்கும், மறைப்பானேன்?

இங்கேதான் லேசர் கைகொடுக்கிறது. ஒரு வகை, 595 நானோமீட்டர் ஒளியால் தழும்புக்குத் தீனி போடும் ரத்தக் குழாய்களைச் சுட்டு மூடுகிறது. இன்னொன்று கார்பன் டை ஆக்ஸைடு லேசர். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்தவர் குமார் படேல்... மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்தவர்! இப்போது இதையே 'ஃப்ராக்ஷனல்' முறையில் பாய்ச்சி, தோலில் ஊசிமுனைத் துளைகளாகப் போடுகிறார்கள். துளைக்கும் துளைக்கும் நடுவே நல்ல தோல் மிச்சமிருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. கட்டை மாதிரி இறுகிய தழும்புக்குள் மருந்து இறங்கவும் வழி கிடைக்கிறது.

அந்தத் துளை வழியே மருந்துக்குப் பதில் செல்லையே அனுப்பினால் என்ன? இதுதான் புது யோசனை. உங்கள் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து ஏற்றுவது ஒரு வகை. பி.ஆர்.பி. என்பார்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுப்பது இன்னொரு வகை. (தொப்பைக்கும் ஒரு உபயோகம் வந்தாச்சு!) இந்தச் செல்கள் போய்க் கொத்தனாரிடம், "போதும்யா, கிளம்பு" என்று சொல்லும் என்பது நம்பிக்கை. சோதனைக்கூடத்திலும், சின்னச் சின்ன ஆய்வுகளிலும் நல்ல அறிகுறிகள் தெரிகின்றன.

ஆனால், பர்ஸைத் திறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். லேசரும் பி.ஆர்.பி.யும் சேர்ந்து பலன் தந்ததாக வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பருப் பள்ளங்களைப் பற்றியவை. நம் பிரச்னையோ மேடு! பள்ளத்துக்குக் கொலாஜன் வேண்டும், மேட்டுக்கு அதைக் குறைக்க வேண்டும். போதாக்குறைக்கு, தட்டணுக்களில் உள்ள ஒரு பொருளே கொலாஜனைத் தூண்டிவிடும் குணம் உள்ளது. விளம்பரத்தில் 'முன்பு - பின்பு' போட்டோ பார்த்தால், அது பள்ளமா மேடா என்று முதலில் உற்றுப் பாருங்கள், சார்.

ஸ்டெம் செல் என்றால் இன்னும் உஷார். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று வகைகள் தவிர, மற்ற ஸ்டெம் செல் பிரயோகங்கள் எல்லாம் முறைப்படி அனுமதி பெற்ற சோதனையாகத்தான் நடக்க வேண்டும். 'பேக்கேஜ், பத்து பர்சென்ட் தள்ளுபடி' என்று விற்கக் கூடாது. "சோதனைதான் சார்" என்று சொன்னால், சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கேட்டதும் ரிசப்ஷனிஸ்ட் முகம் மாறினால் அப்படியே எழுந்து வந்துவிடலாம்.

லேசரும் ஒரு வகைச் சூடுதான். நம் நிறத்துக்குத் தப்பான அளவில் வைத்தால் கருப்புத் திட்டு விழும். கீலாய்டு சுபாவம் உள்ளவருக்குப் புதிதாக இன்னொன்றே முளைக்கலாம். முதலில் ஓரத்தில் சின்னதாகப் பரீட்சை பண்ணிப் பார்க்கும் டாக்டராகப் பிடியுங்கள்.

இன்னொரு விஷயம். கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஓடாதீர்கள். ஊசிக்கு ஊசி இடைவெளி, லேசருக்கு லேசர் இடைவெளி, நடுவில் தினமும் பல மணி நேரம் சிலிக்கான் ஷீட் என்று மாசக் கணக்கில் இழுக்கும். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு போனால், தாலி கட்டும் நேரத்துக்குள் அரிப்பாவது அடங்கியிருக்கும்!