மருந்து டாங்கியைக் கழற்றுமுன்

"டாங்கி ஒழுகுது சாமி, முதுகெல்லாம் நனையுது." நோர்வூட் தோட்டங்களில் புல்லுக்கு மருந்தடிக்கும் சகோதரர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. கிளைபோசேற் 2015இல் தடையானது. 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. எந்த மருந்தானாலும் ஒழுகும் டாங்கி ஆபத்தே. வாயால் குடித்தால்தான் நஞ்சு என்று எண்ண வேண்டாம். நனைந்த சட்டை நாள் முழுவதும் ஒட்டிக்கிடந்தால் தோல் வழியாகவும் மருந்து உள்ளே போகும்.

ஒழுக்குக்குப் பெரும்பாலும் தேய்ந்த வாசரே காரணம். கைப்பிடியை எவ்வளவு அடித்தும் அமுக்கம் ஏறாவிட்டால் பம்பின் உள்வாசரைப் பாருங்கள். மூடியிலும் குழாய்ப் பொருத்துகளிலும் வாசர்கள் உண்டு.

கையுறை அணிந்து, மீதி மருந்தை வடித்து, 3 தடவை தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு விசையை அழுத்திப் பிடித்து அமுக்கம் முழுவதையும் வெளியேற்றுங்கள். அதற்கு முன் கழற்றினால் மருந்து முகத்தில் பீறிடும்.

நாசில் அடைத்தால் சிலர் வாயால் ஊதுகிறார்கள்! கம்பியால் குத்துவதும் பிழை; துவாரம் பெரிதாகி மருந்து கூடுதலாகப் பாயும். தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

புது வாசருக்குச் சிறிது எண்ணெய் பூசிப் பொருத்தி, வெறும் தண்ணீர் நிரப்பி, நிலத்தில் வைத்தே அடித்துப் பாருங்கள்.

அலசிய தண்ணீரை மருந்தடித்த மலையிலேயே தெளித்துவிடுங்கள். பீலிக்கரை வேண்டாம். நம் ஓடைகள் காசல்ரீக்கும், அங்கிருந்து களனி கங்கைக்கும் போகின்றன. கொழும்பு மக்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீரே.

வாசரைத் தொழிலாளி கைக்காசில் வாங்குவது நியாயமல்ல. ஒழுகும் டாங்கியை முதுகில் ஏற்றாமல் கங்காணியிடம் திருப்பிக் கொடுத்து, தோட்டக் காரியாலயத்தில் பதியச் சொல்லுங்கள்.