புகையை விட நினைப்பவருக்குத் துணை நிற்போம்

யாழ்ப்பாணத்தில் புகையிலையைக் குறைகூறிப் பேசுவது இலகுவான காரியமல்ல. எமது தோட்டங்களில் விளைந்த புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூர் வரை கப்பலேறியது. பின்னாளில் தென்னிலங்கை ஊர்களில் எல்லாம் யாழ்ப்பாணச் சுருட்டு விற்பனையாகியது. சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் அதைக் கேட்டபடி சுருட்டுச் சுற்றிய காலத்தைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூருவார்கள். புகையிலைக் காசில் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் ஏராளம். எங்கள் வீடும் அவற்றில் ஒன்று.

ஆனால், அதே புகையிலை ஒரு மனிதனைப் படுக்கையில் விழுத்தும்போது அவர் அருகில் இருந்து பார்ப்பவள் பெரும்பாலும் ஒரு பெண்தான். இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முன்னிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு போடும் புகையிலை, பாக்கு, புகைத்தல் ஆகியவையே அதற்கு முக்கிய காரணங்கள். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு, 2013இல் திறக்கப்பட்டது. நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து வந்து கட்டவேண்டிய அளவுக்கு அந்தத் தேவை இருந்தது.

சகோதரிகளே, நோய் வந்த பின் பணிவிடை செய்வதற்கு நாம் பழகியவர்கள். நோய் வருமுன் புகைத்தலை விட விரும்பும் கணவருக்கோ, தகப்பனுக்கோ, சகோதரனுக்கோ எப்படித் துணை நிற்பது என்பதை எவரும் எமக்குச் சொல்லித் தருவதில்லை. என் வீட்டு அனுபவத்தையும், வைத்தியர்களிடம் கேட்டு அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஆறாத புண்

என் கணவர் தோட்டக்காரர். பதினெட்டு வயதில் தொடங்கிய சுருட்டு அவருக்கு. பட்டணம் போனால் சிகரெட். ஐம்பது வயதுக்குப் பின் நீரிழிவும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் மண்வெட்டி பட்டுக் கால் விரலில் வந்த சிறு காயம் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை.

கிளினிக்கில் இருந்த வைத்தியர் காலைப் பார்த்துவிட்டு, "ஐயா, மருந்து மட்டும் இந்தக் காலைக் காப்பாத்தாது. சுருட்டையும் விடவேணும்" என்றார். நீரிழிவும் புகைத்தலும் இரண்டுமே கால் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து அடைப்பவை என்றும், இரண்டும் சேர்ந்தால் காலை எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம் என்றும் விளக்கினார். தோட்டக்காரனுக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்? வரும் வழியில் இவர் ஒன்றும் பேசவில்லை. இரவுதான், "இஞ்சாரும், விடலாம் எண்டு பாக்கிறன்" என்றார். "எப்ப தொடங்குவம்?" என்று மட்டும் கேட்டேன்.

நாள் குறித்தல்

நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தால் அந்த நாள் வராது. அதற்காகத் தோட்ட வேலை உச்சத்தில் இருக்கும்போதோ, வீட்டில் கலியாணம், கோயில் திருவிழா என்று ஆட்கள் கூடும்போதோ தொடங்குவதும் புத்தியல்ல. நாங்கள் வெங்காயம் கிண்டி முடித்த அடுத்த திங்கட்கிழமையைக் கலண்டரில் குறித்தோம். இரண்டு வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரமும், எந்த நேரத்தில் எதற்காகச் சுருட்டைப் பற்றவைக்கிறார் என்று அவரே ஒரு கொப்பியில் எழுதினார். காலைத் தேநீருக்குப் பின், கிணற்றடியில் இயந்திரத்தைப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின், மாலையில் சந்தியில் கூட்டாளிகளுடன், படுக்கப் போகுமுன். இந்த ஐந்துதான் பெரிய கண்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வைத்தோம்.

காலைத் தேநீரைக் கதிரையில் இருந்து குடிக்காமல் முற்றத்தில் நடந்துகொண்டு குடிப்பது. கிணற்றடிக்குப் போகும்போது சட்டைப் பையில் புழுக்கொடியல் துண்டும் கராம்பும். சாப்பிட்டதும் எழுந்து பல் துலக்குவது. மாலையில் சந்திக்குப் போகாமல் சில வாரம் மகள் வீட்டுக்குப் போய்ப் பேரனோடு இருப்பது. வெற்றிலை மட்டும் கூடாது என்று முதலே பேசிக்கொண்டோம். சுருட்டை விட்டுப் புகையிலை போட்ட வெற்றிலைக்கு மாறினால் அதே நஞ்சு வேறு வழியால் உடம்பில் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுத்தம் செய்தோம். சுருட்டுக் கட்டு, சாம்பல் தட்டு, சட்டைப் பைகளில் இருந்த நெருப்புப்பெட்டி எல்லாம் வெளியே போயின. அவற்றை அவர் கையாலேயே எறியச் சொன்னேன். நாங்கள் ஒளித்து வைத்தால் தேடத்தான் தோன்றும். விறாந்தையில் இருந்த சாய்மனைக் கதிரையையும் இடம் மாற்றினோம்.

முதல் மூன்று வாரம்

புகையை உள்ளிழுத்த சில விநாடிகளில் நிக்கொட்டின் மூளையைச் சென்றடைகிறது. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காதவர்களுக்கும் வாயின் உட்தோல் வழியாக அது உடம்பில் சேர்கிறது. "சுருட்டு இயற்கையானது, சிகரெட் போல இல்லை" என்று எம்மவர்கள் சொல்வது சரியல்ல. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சுருட்டும் காரணமாகிறது.

பழகிய உடம்புக்கு நிக்கொட்டின் கிடைக்காதபோது எரிச்சல், கோபம், தூக்கமின்மை, பசி, மலச்சிக்கல் எல்லாம் வரும். முதல் இரண்டு, மூன்று நாட்களில் இவை உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறையும். சிலருக்கு இருமல் முதலில் கூடுவதும் உண்டு. இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் வீட்டார் பயப்பட மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாள், சோற்றில் உப்புக் கூட என்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். கறியில் உப்பு அளவாகத்தான் இருந்தது. பிள்ளைகளிடம், "அப்பாவுக்கு இது வருத்தம் மாதிரி, ரெண்டு கிழமை பொறுப்பம்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஆனால் ஒன்று. கோபத்தைப் பொறுப்பது வேறு, அடியைப் பொறுப்பது வேறு. புகைத்தலை விடுகிறார் என்பதற்காக எந்தப் பெண்ணும் கை நீட்டலைச் சகிக்க வேண்டியதில்லை. அப்படியானால் நம்பிக்கையான பெரியவரையோ, வைத்தியரையோ உடனே நாடுங்கள்.

நான் கற்ற மிகப் பயனுள்ள விடயம் இதுதான். புகைக்க வேண்டும் என்ற அந்தத் தவிப்பு நாள் முழுவதும் ஒரே மாதிரி நிற்பதில்லை. அலை போல் எழுந்து, சில நிமிடங்களில் தானாகத் தணியும். துணை நிற்பவர் நாள் முழுவதும் காவல் இருக்கத் தேவையில்லை, அந்தச் சில நிமிடங்களைக் கடக்க உதவினால் போதும். இவர் முகம் மாறுவதைக் கண்டால் சுருட்டுப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. "இஞ்சாருங்கோ, இந்த வாளியை ஒருக்காத் தூக்கித் தாங்கோ" என்பேன். அல்லது ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பேன். தண்ணீரைக் குடித்து, வாளியைத் தூக்கி வைத்து, இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அந்த அலை இறங்கிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புகைத்தலை நிறுத்தியவரின் உடம்பில் தேநீர், கோப்பியில் உள்ள கஃபீன் முன்னரைவிட அதிக நேரம் தங்கும். வழக்கம்போல் நாலைந்து தேநீர் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். நாங்கள் மாலைத் தேநீரை மல்லித் தண்ணீராக மாற்றினோம்.

செத்தவீட்டில் ஒரு சுருட்டு

பதினேழாம் நாள் உறவினர் ஒருவரின் செத்தவீடு. எமது வழக்கப்படி தட்டத்தில் வெற்றிலையும் சுருட்டும் வந்தன. பழைய கூட்டாளி ஒருவர் எடுத்து நீட்ட, இவரும் வாங்கிப் பற்றவைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் வீணாப் போச்சு" என்றார்.

"பதினாறு நாள் விட்டனீங்கள், ஒண்டு பத்தினீங்கள். பதினாறு பெரிசோ ஒண்டு பெரிசோ?" என்று கேட்டேன். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலானோர் ஒரு தடவைக்கு மேல் முயன்றவர்களே. வழுக்கியவரைப் பார்த்து "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொன்னால், அடுத்த சுருட்டை அவர் எமக்கு ஒளித்துப் பற்றவைப்பார். அடுத்த நாள் இவரே அந்தக் கூட்டாளியிடம் போய், "இனி எனக்கு நீட்டாதை, காலுக்குக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் எவரும் நீட்டவில்லை.

உடம்பு திரும்பும் கணக்கு

கடைசியாகப் புகைத்து 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குகின்றன. 12 மணித்தியாலத்தில் இரத்தத்தில் உள்ள காபனோரொட்சைட்டு வழமைக்கு வருகிறது. 2 முதல் 12 வாரத்தில் இரத்த ஓட்டமும் நுரையீரலின் வலுவும் கூடுகின்றன. ஓராண்டில், புகைப்பவரோடு ஒப்பிட்டால் இதய நோய் வரும் ஆபத்து பாதியாகிறது. பத்து ஆண்டில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் ஏறத்தாழப் பாதியாகிறது. உலக சுகாதார நிறுவனம் தரும் இந்தக் கணக்கை ஒரு மட்டையில் எழுதிக் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். சுருட்டுக்குப் போகும் காசை நாளாந்தம் ஒரு பேணியில் போட்டு வந்தோம். அதில் முதல் வாங்கியது நீரிழிவுக்காரர் அணியும் மெத்தென்ற செருப்பு ஒரு சோடி.

இப்போது இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. மருந்து கட்டியதாலும் சுருட்டை விட்டதாலும் புண் ஆறியது. நீரிழிவு இருக்கிறது, கிளினிக்குக்கும் போகிறோம். சுருட்டு வாசம் வந்தால் இன்றும் ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார். பார்த்துவிட்டு நடக்கிறார்.

இன்னும் மனம் வராதவருக்கு

"என்னுடையவர் விட நினைக்கவே இல்லையே" என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். விடுவது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனாலும் நாம் செய்யக்கூடியவை உண்டு:

• வீட்டுக்குள்ளும், குழந்தைகள், கர்ப்பிணிகள் இருக்கும் இடத்திலும் புகைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். மற்றவர் விடும் புகை குழந்தைகளுக்கு இழுப்பையும் நெஞ்சுச் சளியையும் கூட்டும்.

• பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிச் சுருட்டோ சிகரெட்டோ வாங்குவிக்க விடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது குற்றம்.

• எதற்காகவாவது வைத்தியரிடம் போகும்போது, அவர் புகைப்பதையும் சொல்லுங்கள். வீட்டில் நூறு முறை சொன்னது ஏறாதவருக்கு வைத்தியர் ஒருமுறை சொல்வது ஏறும். நிக்கொட்டின் மாற்றுச் சிகிச்சை அவருக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

• வாயில் வெள்ளை, சிவப்புப் படை, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறக்கக் கஷ்டம் இருந்தால் தாமதிக்காமல் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

• 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை நடத்தும் ஆலோசனைச் சேவையைப் பெறலாம். வீட்டார் அழைத்தும் விளக்கம் கேட்கலாம்.

எமது முன்னோர் புகையிலையால் வாழ்ந்தார்கள் என்பது உண்மை. அதற்காக எமது ஆண்கள் புகையிலையால் சாக வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் "விடலாம் எண்டு பாக்கிறன்" என்று எப்போதாவது வாய்தவறிச் சொன்னால், அதைச் சிரித்துத் தட்டிவிடாதீர்கள். கலண்டரை எடுத்து வந்து, எந்த நாள் என்று கேளுங்கள்.