1915ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமும் சூழ்ச்சி ஐயமும்

பகைவர் நாட்டைக் கைப்பற்றிய படை, அந்நாட்டுச் சட்டங்களை இயன்றவரை மதித்தல் வேண்டும். சிலர் செய்த குற்றத்துக்காக, அதற்குப் பொறுப்பாகாத ஊராரையெல்லாம் தண்டித்தலும் ஆகாது. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் வகுத்த நெறி இது. ஓர் அரசின் சொந்தக் குடிகளுக்கோ இக்காப்பு இல்லை. இதற்கு இலங்கை வரலாறே சான்று.

1915 மே மாத இறுதியிற் கண்டியிற் சிங்களவருக்கும் சோனகருக்குமிடையே மூண்ட கலகம் கொழும்புக்கும் பரவியது. ஜூன் 2ஆம் நாள் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். உலகப்போர் நிகழ்ந்த காலமாதலின், இஃது ஜேர்மானியர் சார்புடைய அரசெதிர்ப்புச் சூழ்ச்சியோ என்னும் ஐயம் அதிகாரிகளைப் பற்றிக்கொண்டது. மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறைப்பட்டனர். இளைஞரான ஹென்றி பேதிரிஸ், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கலகத்தின் இழப்பீடும் சிங்கள மக்கள்மீது பொதுவாகவே சுமத்தப்பட்டது.

கொழும்புக் கொச்சிக்கடைச் சிவாலயத்தைக் கருங்கல்லாற் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், சட்டநிரூபண சபையிலே இஃது இராசத்துரோகமன்று என வாதித்தார். இலண்டன் சென்றும் முறையிட்டார். சூழ்ச்சி ஒருபோதும் நிறுவப்படவில்லை. அச்சத்திற் பிறந்த ஐயத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆட்சியிற் பகைவர்க்குரிய காப்புங்கூடக் குடிகளுக்கு இல்லாதொழியும் என்பதே அவ்வாண்டு உணர்த்தும் பாடமாகும்.