பேஸ் கிடார்: பழைய பாட்டு 'தும்'முக்கு எந்தக் கம்பி?

செல்லூர் திருவிழா மேடையில் பழைய சினிமாப் பாட்டு வாசிக்க ஆசையா? கிடாரை மாற்றும் முன் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

'ரவுண்ட்வவுண்ட்' கம்பியில் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். ஓசை பளீரென்று வரும். விரல் நகர்ந்தால் கீச்சிடும். 'ஃப்ளாட்வவுண்ட்' கம்பியில் தட்டை நாடா. வழவழப்பு, ஓசை 'தும்' என்று அடங்கும்.

அமெரிக்காவின் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 'லா பெல்லா' ஃப்ளாட்வவுண்ட்தான் போட்டிருந்தார். அதையும் லேசில் மாற்றமாட்டார்.

விலை கூடுதல்தான். ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். ஃப்ரெட்டும் அதிகம் தேயாது. வாங்கும்முன் கிடாரின் ஸ்கேல் 34 அங்குலமா, 30 அங்குலமா என்று பாருங்கள். இழுவை அதிகமான செட் என்றால் கழுத்தைச் சரிசெய்ய வேண்டிவரும். 'ஸ்லாப்' வாசிப்பவர்களுக்கு ரவுண்ட்வவுண்டே பொருத்தம்.