மாமா ஏன் இளைச்சார்?

மன்னார்குடியிலிருந்து அத்தை போன். "ஏண்டா, உன் கல்யாண கேசட்ல மாமா வர்றாராமே... எனக்கு ஒண்ணு போட்டு அனுப்பக் கூடாதா?"

(அத்தைக்கு எல்லாமே கேசட்தான்.)

கல்யாணம் 2014-ல். மறு வருஷமே மாமா போய்விட்டார். அவர் நடந்து, சிரித்து, பந்தியில் "சாம்பார்!" என்று குரல் கொடுத்தது எல்லாம் அந்த ஹெச்.டி. வீடியோவில்தான் இருக்கிறது. அத்தை வீட்டில் இருப்பதோ பழைய பெட்டி டி.வி., பழைய டி.வி.டி. பிளேயர்.

"புது போன் வாங்கித் தரட்டுமா அத்தை?"

"அதுல மாமா கட்டைவிரல் சைஸ்ல தெரிவார். வேணாம்."

பி.காம். படித்த தைரியத்தில் இறங்கினேன். ஹெச்.டி. படத்தில் அகலத்துக்கு 1920 புள்ளி, உயரத்துக்கு 1080. நம்மூர் டி.வி.டி.யில் 720-க்கு 576. பெருக்கிப் பாருங்கள் சார்! 20,73,600 எங்கே, 4,14,720 எங்கே? மிகச் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் கணக்கு மாதிரி, ரூபாய்க்கு இருபது பைசா!

முதல் தடவை ஃபைலை அப்படியே தட்டில் எழுதி அனுப்பினேன். பிளேயர் துப்பிவிட்டது. அதற்கு எம்பெக்-2 பாஷையில் மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். மாற்றினேன். இரண்டாவது தட்டு ஓடியது. ஆனால் போனில் அத்தை குரல் சரியில்லை.

"மாமா என்னடா இப்படி இளைச்சிருக்கார்? அப்பவே உடம்புக்கு முடியலையோ? நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ?"

தூக்கிவாரிப் போட்டது. மாமா தொண்ணூறு கிலோ! தட்டைப் போட்டுப் பார்த்தால், தவில்காரரே நாதஸ்வரம் மாதிரி நிற்கிறார்.

விஷயம் இதுதான். ஹெச்.டி. படம் 16-க்கு 9 அகலம். டி.வி.டி.யில் அதைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் வைப்பார்கள். 'இது அகலப் படம், விரித்துக் காட்டு' என்று கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். நான் 4:3 என்று டிக் அடித்துத் தொலைத்திருக்கிறேன். ஒரே டிக்... அத்தைக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

"தப்பு என்னுது அத்தை. மாமா குண்டாத்தான் இருந்தார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுபடி ராத்திரி வேலை. 4.7 ஜி.பி. தட்டில் மூன்றரை மணி நேரத்தைத் திணித்தால் நொடிக்கு 3 மெகாபிட்கூடத் தேறாது. மாலை மாற்றும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. இரண்டு மணி நேரமாக வெட்டினேன், 5-க்கு மேல் கிடைத்தது. (போனது மச்சான் டான்ஸ். நஷ்டமில்லை.) அடுத்து, மாமா நடந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல்! கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவை, இரட்டைப்படை வரிகளை ஐம்பதில் ஒரு நொடி கழித்து இன்னொரு தடவை எடுக்கிறது. இரண்டையும் பிரித்துச் சரி செய்யாமல் படத்தைச் சுருக்கினால் அப்படித்தான் ஆகும். அதையும் சரி செய்தேன்.

இந்தத் தடவை தபாலை நம்பவில்லை. நானே பஸ் ஏறிப் போய், பிளேயர் மெனுவில் 'லெட்டர் பாக்ஸ்' வைத்துவிட்டுத் தட்டைப் போட்டேன்.

"மேலயும் கீழயும் ஏண்டா கறுப்பு?"

"அகலப் படம். அப்படித்தான் அத்தை வரும்."

மாமா பந்திக்குள் நுழைந்தார். தொந்தியோடு. அத்தை ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்தினாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இலையைப் பாருடா... சர்க்கரை வியாதிக்காரர், ரெண்டு ஜாங்கிரி! என்கிட்ட ஒண்ணுகூடத் தொடலேன்னு சொன்னாரு!"